ஆலோசனை அறை, டியூட்டி ரூம், தெரு: மருத்துவரின் இணைய ஒழுக்கம் பற்றி ஓர் அறிமுகம்

சென்னையில் தனியாகக் கிளினிக் நடத்தும் ஒரு குடும்ப மருத்துவரின் கைபேசியை ஒரு நாள் முழுவதும் கவனிக்க முடிந்தால், இந்தக் கட்டுரையின் பொருள் முழுவதும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும். காலை ஆறரை மணிக்குப் பெங்களூரிலிருந்து ஒரு மகள், மாம்பலத்தில் தனியாக இருக்கும் தன் தாயின் சர்க்கரைப் பரிசோதனை முடிவை அனுப்பி, "மாத்திரையை மாத்தணுமா டாக்டர்?" என்று கேட்டிருப்பார். எட்டு மணிக்கு, உடன் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர் ஓர் எக்ஸ்ரேயைப் போட்டு, மற்றவர்களின் கருத்தைக் கேட்டிருப்பார். மதியம் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் குழுவில், "பி பிளாக்கில் யாருக்கோ டெங்குவாமே, உண்மையா?" என்று ஒரு கேள்வி வந்திருக்கும். இரவில் கூகுளில் யாரோ ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, இரண்டு மணி நேரம் காக்க வைத்ததாகத் திட்டியிருப்பார். இவை அனைத்துக்கும் அவர் ஒரே கட்டைவிரலால்தான் பதில் எழுத வேண்டும்.

கைபேசி வருவதற்கு முன்பு, இந்த உரையாடல்கள் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இருந்தது. நோயாளியுடன் பேசுவது திரைச்சீலை போட்ட ஆலோசனை அறையில். சக மருத்துவரிடம் சந்தேகம் கேட்பது மருத்துவமனையின் டியூட்டி ரூமில். பொதுமக்களிடம் பேசுவது தெருமுனை மருத்துவ முகாமிலோ, பத்திரிகையிலோ, வானொலியிலோ. எந்த இடத்தில் எதைப் பேசலாம் என்பதைச் சுவர்களே நினைவூட்டின. இப்போது மூன்று இடங்களும் ஒரே திரையில், பல வேளைகளில் ஒரே செயலியில், அடுத்தடுத்த வரிகளாகக் கிடக்கின்றன. எழுதும் ஒவ்வொரு வரியின்போதும் தாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை மருத்துவர் தெரிந்துவைத்திருப்பதைத்தான் இணையவெளித் தொழில் ஒழுக்கம் என்கிறோம். இந்த ஒழுக்கத்தின் கடமைகள் புதியவை அல்ல. அவற்றை நினைவூட்டிய சுவர்கள்தான் இப்போது இல்லை.

இந்திய மருத்துவருக்கு அந்தக் கடமைகளை எழுத்தில் வகுத்திருப்பது, 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் தொழில் நடத்தை, நெறிமுறை விதிகள். தொழிலின் வழியாக அறிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நீதிமன்றத்தில் நீதிபதி உத்தரவிட்டால், ஒரு குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ கடுமையான, அடையாளம் காணப்பட்ட ஆபத்து இருந்தால், அல்லது நோய் அரசுக்கு அறிவிக்க வேண்டிய பட்டியலில் இருந்தால் மட்டுமே விதிவிலக்கு உண்டு. 2023 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அந்தக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம், சமூக ஊடகத்துக்கென்றே தனிப் பகுதி கொண்ட புதிய விதிகளை அறிவித்தது. அதே மாதம் 23ஆம் தேதி அவற்றை நிறுத்திவைத்தது. 2002இன் விதிகளே தொடரும் என்று அறிவித்தது. ஆகவே அந்தப் புதிய விதிகளைச் சட்டம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 'லைக்'குகளையும் பின்தொடர்பவர்களையும் விலைக்கு வாங்கக் கூடாது, குணமடைந்த நோயாளிகளின் புகழுரைகளையோ அறுவை சிகிச்சைக் காணொளிகளையோ பகிரக் கூடாது, பொதுவெளியில் மருந்து எழுதக் கூடாது என்று அவை சொன்னவற்றைப் படித்துவைத்துக்கொள்வது நல்லது. தொழிலின் மனசாட்சி எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

முதலில் தெருவைப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் சென்னையில் டெங்கு தலைகாட்டும் நாட்களில், ஒரு மருத்துவர் இரண்டு நிமிடக் காணொளியில் எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று நல்ல தமிழில் சொன்னால், அது நகரத்துக்குச் செய்யும் தொண்டு. பொதுச் சுகாதாரம் பற்றித் தம் பெயரிலேயே எழுதவும் பேசவும் 2002இன் விதிகள் இடம் தருகின்றன. நோயாளிகளைத் தம் பக்கம் இழுக்கும் விளம்பரத்தைத்தான் அவை தடுக்கின்றன. கிளினிக் தொடங்கியது, முகவரி மாறியது, சில நாட்கள் இல்லாமல் போய்த் திரும்பி வந்தது போன்ற அறிவிப்புகளை முறைப்படி வெளியிடலாம். "முழங்கால் வலியா? எங்களிடம் வந்தால் ஒரே வாரத்தில் நடக்கலாம்" என்ற ரீல் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே மங்கலான ஒரு பகுதி இருப்பதை மறுக்க முடியாது. காணொளியைப் பார்த்தவருக்கு நோயைப் பற்றி ஒரு தெளிவு கிடைத்ததா, அல்லது மருத்துவரின் பெயர் மட்டும் மனத்தில் தங்கியதா என்று கேட்டுப் பார்ப்பது எனக்குத் தெரிந்தவரை பயனுள்ள சோதனை.

காணொளியின் கீழே வரும் கேள்விகள் இன்னொரு கண்ணி. "எனக்கு மூணு நாளா நெஞ்சு எரிச்சல், என்ன மாத்திரை போடலாம் சார்?" என்று ஒருவர் எழுதுகிறார். இரக்கத்தில் ஒரு மருந்தின் பெயரை எழுதிவிட்டால், அந்த ஒருவருக்கு மட்டுமல்ல, அதைப் படிக்கும் எல்லோருக்கும் மருந்துச் சீட்டு எழுதியதாக ஆகிவிடும். அவருடைய வயது என்ன, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார், அது நெஞ்செரிச்சல்தானா அல்லது மாரடைப்பின் தொடக்கமா என்பதெல்லாம் அந்த ஒற்றை வரியில் இல்லை. நேரில் வாருங்கள், அல்லது முறையான தொலை ஆலோசனைக்கு நேரம் வாங்குங்கள் என்று வழிகாட்டுவதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

கூகுளில் வரும் வசைக்குப் பதில் எழுதுவதில்தான் நல்ல மருத்துவர்கள்கூடச் சறுக்குகிறார்கள். கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். "நீங்கள் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் வந்துவிட்டு எங்களைக் குறை சொல்கிறீர்கள்" என்று பதில் போட்டால், எழுதியவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதை ஊருக்கே அறிவித்ததாகிறது. நோயைச் சொல்லாமல், "நீங்கள் கடந்த செவ்வாய்க்கிழமை வந்தபோது" என்று தொடங்கினாலும் அவர் நம் நோயாளி என்பதை நாமே உறுதிசெய்கிறோம். மனநல மருத்துவரின் கிளினிக்காகவோ குழந்தைப்பேறு சிகிச்சை மையமாகவோ இருந்தால், அந்த ஓர் உறுதியே போதும். தம்மைப் பற்றி நோயாளி என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அந்த ரகசியத்துக்கு உரியவர் அவர். அதே உரிமை மருத்துவருக்கு இல்லை. இது ஒருதலைப்பட்சமான ஆட்டம் என்று தோன்றினால், ஆம், அப்படித்தான். "காத்திருப்பு நேரம் பற்றிய குறைகளைக் கிளினிக் எண்ணில் தெரிவித்தால் கவனிப்போம்" என்ற பொதுவான பதிலுக்கு மேல் பொதுவெளியில் ஒன்றும் எழுத முடியாது.

அடுக்குமாடிச் சங்கத்தின் டெங்குக் கேள்விக்கும் இதே கதைதான். டெங்குவும் காசநோயும் அறிவிக்க வேண்டிய நோய்கள். காசநோய்க்கு 2012 முதல் அந்தக் கட்டாயம் உண்டு. ஆனால் அறிவிப்பு போய்ச் சேர வேண்டிய இடம் சுகாதாரத் துறை, குடியிருப்போர் குழு அல்ல. தண்ணீர்த் தொட்டிகளை மூடிவையுங்கள், தேங்கிய நீரை அப்புறப்படுத்துங்கள் என்று சொல்ல எந்த வீட்டின் கதவு எண்ணும் தேவையில்லை.

இனி டியூட்டி ரூம். மருத்துவர்கள் தமக்குள் கலந்துபேசுவது நோயாளிக்கு நன்மை. அரிய தோல் நோய் ஒன்றின் படத்தைப் பார்த்து, இன்னோர் ஊரில் இருக்கும் தோல் நிபுணர் பத்து நிமிடத்தில் விடை சொல்லிவிடுகிறார். ஆகவே குழுக்களே கூடாது என்று சொல்வதில் பொருளில்லை. அடையாளம் என்றால் பெயர் மட்டும்தான் என்ற நம்பிக்கைதான் சிக்கல். எக்ஸ்ரேயின் மூலையில் பெயர், வயது, தேதி, மருத்துவமனை எண் எல்லாம் அச்சாகியிருக்கும். அதை வெட்டிவிட்டால் போதும் என்று பயிற்சி மருத்துவரான ஒரு ஹவுஸ் சர்ஜன் நினைக்கிறார். அந்தப் படத்துக்குக் கீழே அவரே, "34 வயது, வங்கி ஊழியர், நேற்றிரவு அண்ணா சாலை விபத்து, ஐந்து மாதக் கர்ப்பம்" என்று எழுதுகிறார். பெயர் இல்லை, ஆனால் அந்தப் பெண்ணின் அலுவலகத்தில் இருக்கும் எவரும் இதைப் படித்தால் யாரென்று தெரிந்துவிடும். கர்ப்பத்தை அவர் இன்னும் வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமான நான்கு தகவல்கள், சேர்ந்தால் ஒரு முகத்தை வரைந்துவிடுகின்றன.

பச்சை குத்தியது, தாலிக்கொடி, கையில் கட்டிய கோயில் கயிறு, கட்டிலுக்குப் பின்னால் தெரியும் வார்டு எண், பக்கத்துப் படுக்கை நோயாளியின் பாதி முகம் ஆகிய எல்லாமே அடையாளங்கள்தாம். நோயாளியின் அடையாளம் வெளிப்படும் வகையில் படத்தையோ நோய் விவரத்தையோ வெளியிட வேண்டுமானால் அவருடைய அனுமதி வேண்டும் என்று 2002இன் விதிகள் சொல்கின்றன. அந்த அனுமதி, இந்தப் படம், இந்தக் குழு, இந்த நோக்கம் என்று விளக்கிப் பெற்றதாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஹவுஸ் சர்ஜன் கைபேசியை நீட்டி, "ஒரு ஃபோட்டோ எடுத்துக்கட்டுமா அம்மா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? வைத்தியம் நின்றுபோய்விடுமோ என்ற அச்சத்தில் ஆட்டும் தலையை அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில இடங்களில் சட்டம் இன்னும் இறுக்கமானது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவர் ஒப்புதலின்றி ஊடகங்களுக்குத் தருவதை 2017இன் மனநலச் சட்டம் தடுக்கிறது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படுத்துவதற்கு எதிராகவும் அதே ஆண்டில் தனிச் சட்டம் வந்தது.

அறுவை அரங்கிலிருந்து எடுக்கும் தற்படங்களைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. மயக்கத்தில் இருப்பவரிடம் அனுமதி கேட்க முடியாது, எடுக்காதீர்கள்.

கடைசியாக ஆலோசனை அறை, அதாவது தொலைமருத்துவம். இதன் இந்திய வரலாற்றில் சென்னைக்கு முக்கியமான இடம் உண்டு. 2000 மார்ச் மாதத்தில், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள ஆரகொண்டா கிராமத்தில் அப்போலோ மருத்துவமனை அமைத்த தொலைமருத்துவ மையத்தை, அப்போது இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கிவைத்தார். கிராமத்து நோயாளியைச் சென்னை நிபுணர்கள் திரையில் பார்த்தனர். பின்னர் சங்கர நேத்ராலயாவின் கண் பரிசோதனைப் பேருந்துகளும், ஸ்கார்ஃப் என்ற சென்னை மனநல அமைப்பு புதுக்கோட்டை மாவட்டத்தில் நடத்திய தொலைவழி மனநலச் சேவையும் அந்த வழியில் வந்தன. இவற்றில் எல்லாம் நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். மாம்பலத்துத் தாய்க்காக மகள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் அப்படி யாரும் இல்லை. இதற்கு நெடுங்காலம் தெளிவான விதியும் இல்லை. 2018இல், தொலைபேசியில் சொல்லி மருந்து கொடுக்கச் செய்த ஒரு வழக்கில் நோயாளி இறந்திருந்தார். மருத்துவத் தம்பதியர் கேட்ட முன்ஜாமீனைப் பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது. அதற்குப் பிறகு தொலைபேசியில் ஆலோசனை சொல்லவே பல மருத்துவர்கள் அஞ்சினர்.

அந்த இடைவெளியை நிரப்பியது 2020 மார்ச் 25 அன்று, பொதுமுடக்கத்தின் முதல் நாளில் வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள். காணொளி, குரல், எழுத்து ஆகிய மூன்று வழிகளையும் அது ஏற்றுக்கொண்டது. மருத்துவர் பதிவு செய்தவராக இருந்தால், இந்தியாவின் எந்தப் பகுதியில் இருக்கும் நோயாளிக்கும் ஆலோசனை சொல்லலாம் என்றது. அநாமதேய ஆலோசனைக்கு இடமில்லை: இரு தரப்பும் ஒருவரை ஒருவர் யாரென்று அறிந்திருக்க வேண்டும். நோயாளியே அழைத்தால் அவருடைய ஒப்புதல் அதில் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம்; வேறொருவர் அழைத்தால் வெளிப்படையான ஒப்புதலைப் பெற்றுப் பதிவுசெய்ய வேண்டும். பெங்களூர் மகளின் செய்தி இந்த இடத்தில்தான் கேள்வியாகிறது. தாய்க்கு நினைவாற்றல் மங்கியிருந்தால் மகள் அவர் சார்பில் பேசலாம். தாய் தெளிவாக இருக்கிறார் என்றால், முன்பு நேரில் வந்தபோது அவர் மகளுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது உறவையும் அதிகாரத்தையும் காட்டும் ஆவணம் இருக்க வேண்டும். பிள்ளைகள் வெளியூரிலும் பெற்றோர் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலுமாக வாழும் நகரத்தில், அடுத்த முறை அந்த அம்மா நேரில் வரும்போது, "உங்க மககிட்ட எல்லாம் சொல்லலாமாம்மா?" என்று கேட்டு ஒரு வரி எழுதிவைப்பது எவ்வளவு எளிது! பல தாய்மார்கள், "சர்க்கரை பத்திச் சொல்லுங்க, மத்தது வேணாம்" என்பார்கள். அதையும் எழுதிவைக்க வேண்டும். மகன் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தன் நோய்க்காகவே அழைத்தால் அது வேறு விவகாரம். இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனைகள் இந்த வழிகாட்டுதல்களுக்குள் வருவதில்லை.

மருந்து எழுதுவதில்தான் வழிகாட்டுதல்கள் மிகவும் நுணுக்கமாக இருக்கின்றன. மருந்துகளை அவை பட்டியல்களாகப் பிரிக்கின்றன. முதல் பட்டியலில் உள்ள பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் பரிந்துரைக்கலாம். அடுத்த பட்டியலில் உள்ளவற்றை முதல் முறை பேசும்போது எழுதக் காணொளி வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரைகளைத் தொடர்வதும் இந்தப் பட்டியலில் அடங்கும். மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு இன்னொரு மருந்தைக் கூடுதலாகச் சேர்ப்பது மூன்றாம் பட்டியல். இது அதே மருத்துவரை அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்தவருக்கு, தொடர் ஆலோசனையில் மட்டுமே. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மார்ஃபின், அல்ப்ரசோலம் போன்றவற்றைத் திரை வழியே எழுத முடியாது. "போன மாசம் கொடுத்த தூக்க மாத்திரையையே அனுப்பிடுங்க டாக்டர்" என்று கேட்கும் நெடுநாள் நோயாளியிடம் மருத்துவர் மறுத்தால், அவர் முகம் பார்க்காமல் பேசுகிறார் என்று வருந்த வேண்டாம், விதி அப்படி.

நெஞ்சு வலி, வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் திரையில் செய்ய முடிவது முதலுதவி சொல்வதும் 108ஐ அழைக்கச் சொல்வதும்தான். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது என்று தோன்றினால், ஆலோசனையை எந்தக் கட்டத்திலும் நிறுத்தி நேரில் வரச் சொல்லும் உரிமை மருத்துவருக்கு உண்டு. நேரில் வருகிறேன் என்பவரைத் திரையிலேயே பார் என்று வற்புறுத்துவது தவறான நடத்தை என்று வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. செயற்கை நுண்ணறிவு நிரல் மருத்துவருக்குத் துணைநிற்கலாம். அதுவே ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் மூழ்கியபோது தொலைமருத்துவம் மிகவும் தேவைப்பட்டது. அப்போது பல பகுதிகளில் கைபேசிக் கோபுரங்களே வேலை செய்யவில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களிடம், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே கையிருப்பு பற்றியும் மின்சாரம் போனால் மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கும் வழி பற்றியும் நேரில் பேசிவைப்பதும் இதே கடமையில் சேர்ந்ததுதான்.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியது குறைவு. மருந்துச் சீட்டிலும், கட்டண ரசீதிலும், மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப் தகவலிலும் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொலை ஆலோசனைக்கும் கட்டணம் வாங்கலாம்; ரசீது தர வேண்டும்.

வாட்ஸ்அப் ஆலோசனையின் சிக்கல்கள் பெரும்பாலும் மருத்துவரின் கையில் அல்ல, வரவேற்பு மேசையில் தொடங்குகின்றன. பல கிளினிக்குகளில் நேரம் பதிவுசெய்யும் எண், அங்கே வேலை பார்க்கும் பெண்ணின் சொந்தக் கைபேசியில்தான் இருக்கிறது. நோயாளிகள் அனுப்பும் ஸ்கேன்களும் புண்ணின் படங்களும் அவருடைய பட ஆல்பத்தில் தானாகவே சேர்ந்துகொள்கின்றன. அங்கிருந்து அவருடைய கூகுள் கணக்குக்கும் ஏறிவிடுகின்றன. வீட்டில் அந்தக் கைபேசியில் விளையாடும் குழந்தையும் அவற்றைப் பார்க்கலாம். ஆறு மாதத்தில் அவர் வேறு வேலைக்குப் போகிறார். படங்களும் உடன் போகின்றன. அவரிடம் குற்றமில்லை; யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. கிளினிக்குக்கென்று தனி எண்ணும் தனிக் கைபேசியும் வாங்கி, படங்கள் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தி, வரும் முடிவுகளை நோயாளியின் பதிவேட்டில் சேர்த்த பிறகு உரையாடலிலிருந்து நீக்கி, ஆள் மாறும் நாளில் கணினியில் திறந்துகிடக்கும் வாட்ஸ்அப் இணைப்பையும் துண்டிக்க ஒரு நாளுக்கு மேல் ஆகாது.